நான்-லீக்: லீக்கில் ஆடியும் லீக்கில் இல்லாத கழகங்கள்

இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹாம் மாவட்டத்தில், வெஸ்ட் ஆக்லாந்து என்று ஒரு கிராமம் இருக்கிறது. பழைய நிலக்கரிச் சுரங்க ஊர். அந்த ஊர்க் கால்பந்துக் கழகம் 1893இல் தொடங்கியது. பெயர் வெஸ்ட் ஆக்லாந்து டவுன். ஊர் கிராமம்தான், பெயரில் மட்டும் 'டவுன்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. கழகம் நெடுங்காலமாக ஆடிவருவது நார்தர்ன் லீக்கில். அது 1889இல் தொடங்கிய லீக். இன்றும் நடந்துகொண்டிருக்கும் லீக்குகளில் அதைவிட மூத்தது ஒன்றே ஒன்றுதான்.

ஆனால் வெஸ்ட் ஆக்லாந்து என்ன கழகம் என்று கேட்டால், எந்த ஆங்கிலேயரும் யோசிக்காமல் சொல்வது, 'நான்-லீக் கழகம்'. லீக்கில் ஆடும் கழகம் எப்படி லீக் இல்லாத கழகம் ஆகும்? தமிழில் இந்தச் சொல்லை எழுத வருபவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். 'லீக் அல்லாத கிளப்' என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே 'இந்த லீக்கில் மூன்றாம் இடம் பிடித்தது' என்று எழுதினால், வாசகர் குழம்பாமல் என்ன செய்வார்?

முதலில் லீக் என்ற சொல். இதன் மூலம் லத்தீனில் 'கட்டு, பிணை' என்று பொருள்படும் 'லிகாரே'. அது இத்தாலி, பிரான்ஸ் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஆங்கிலத்தில் தூரத்தை அளக்கும் 'லீக்' ஒன்றும் உண்டு. நம் காதம் போன்ற அந்த அளவுக்கும் இதற்கும் உறவு இல்லை, அது வேறு வேரில் வந்த சொல். கட்டு என்ற பொருளிலிருந்து ஒப்பந்தம் செய்துகொண்டு ஒன்றாக நிற்பவர்கள் என்ற பொருள் வந்தது. அரசுகள் சேர்ந்தால் லீக், நகரங்கள் சேர்ந்தால் லீக். நம் பாடப்புத்தகங்கள் முதல் உலகப் போருக்குப் பிந்தைய அமைப்பைப் 'பன்னாட்டுச் சங்கம்' என்று மொழிபெயர்த்ததும், முஸ்லிம் லீக்கை அப்படியே விட்டுவிட்டதும் ஒரே சொல்லைத்தான்.

கால்பந்துக்கு இந்தச் சொல் 1888இல் வந்தது. அதுவரை கழகங்கள் கோப்பைப் போட்டிகளை நம்பியிருந்தன. தோற்றால் அன்றோடு வீடு. மற்ற நாட்களில் நட்பு ஆட்டங்கள், அதிலும் எதிரணி சொன்ன நாளில் வருமா என்பது நிச்சயமில்லை. வீரர்களுக்குக் கூலி கொடுக்கத் தொடங்கிவிட்ட கழகங்களுக்கு இது கட்டுப்படியாகவில்லை. ஆஸ்டன் வில்லா கழகத்தின் நிர்வாகி வில்லியம் மெக்ரிகர் எடுத்த முயற்சியில் 12 கழகங்கள் சேர்ந்து, ஒருவருக்கொருவர் ஆண்டுதோறும் கட்டாயம் ஆடுவது என்று ஒப்பந்தம் செய்துகொண்டன. அந்தக் கூட்டுக்கு வைத்த பெயர் 'ஃபுட்பால் லீக்'. இங்கிலீஷ் லீக் என்றுகூட இல்லை, ஆங்கிலச் சுட்டுச்சொல்லோடு வெறும் ஃபுட்பால் லீக். முதலில் வந்ததால் ஊர்ப் பெயர் தேவைப்படவில்லை.

முடிச்சு இங்கேதான் விழுந்தது. பின்னால் நார்தர்ன் லீக், சதர்ன் லீக், இஸ்த்மியன் லீக் என்று எத்தனையோ லீக்குகள் வந்தன. ஆனால் முன்னொட்டு ஏதும் இல்லாமல் 'லீக்' என்று சொன்னால் அது அந்த முதல் லீக்கையே குறித்தது. நம் ஊரில் 'பெரியவர்' என்று சொன்னால் எந்தப் பெரியவர் என்று யாரும் கேட்பதில்லையே, அதுபோல. ஆகவே நான்-லீக் என்றால் லீக் முறையில் ஆடாதவர் என்று பொருளே கிடையாது. ஃபுட்பால் லீக்கில் உறுப்பினர் அல்லாதவர், அவ்வளவுதான். நடுவில் இருந்த 'ஃபுட்பால்' காணாமல் போனதால் வந்த குழப்பம் இது.

உறுப்பினர் அல்லாதவர் என்றால் சொத்தை அணி என்றும் அர்த்தமில்லை. 1901இல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் (எஃப்.ஏ.) நடத்தும் எஃப்.ஏ. கோப்பையை வென்ற டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் அப்போது சதர்ன் லீக்கில் இருந்தது. அதாவது நான்-லீக் கழகம். ஃபுட்பால் லீக் தொடங்கிய பிறகு அப்படி ஒரு கழகம் அந்தக் கோப்பையை வென்றது அந்த ஒரு முறைதான். இன்று உலகம் முழுக்க ரசிகர்கள் வைத்திருக்கும் கழகம், அன்று வாசலுக்கு வெளியே நின்றது.

வாசல் என்று நான் சொல்வதில் மிகை இல்லை. 1986 வரை ஃபுட்பால் லீக்கினுள் நுழைய ஆடி ஜெயித்தால் மட்டும் போதாது. கடைசி டிவிஷனில் கடைசி நான்கு இடங்களில் முடித்த கழகங்கள் 'எங்களை மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று விண்ணப்பிக்கும். வெளியே இருப்பவர்களும் விண்ணப்பிப்பார்கள். உள்ளே இருக்கும் கழகங்கள் ஓட்டுப் போடும். பழகிய முகத்துக்கே பெரும்பாலும் ஓட்டு விழும். 1980இல் ஆல்ட்ரிங்காம் என்ற கழகம் ஒரே ஓட்டில் வாய்ப்பை இழந்தது. ராச்டேல் உள்ளேயே தங்கிவிட்டது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். ஆண்டு முழுக்க சேற்றில் ஓடி ஜெயித்துவிட்டு, எங்கோ ஒரு கூட்ட அறையில் எண்ணிய சீட்டுகளில் தோற்பது என்ன நியாயம்? 1987இல்தான் ஃபுட்பால் லீக்கின் நான்கு டிவிஷன்களுக்கு அடுத்து வரும் ஐந்தாம் அடுக்கில் முதலிடம் பிடித்த ஸ்கார்பரோ ஓட்டுக் கேட்காமல், ஆட்டத்தை மட்டும் வைத்து உள்ளே போனது. அங்கே இருந்த லிங்கன் சிட்டி கீழே இறங்கியது.

1992இல் மேல்தட்டுக் கழகங்கள் பிரிந்து பிரீமியர் லீக்கை அமைத்தன. சொல்லின் நேர்ப்பொருளைப் பார்த்தால், அன்றைக்கே மான்செஸ்டர் யுனைடெட்டும் ஆர்சனலும் நான்-லீக் ஆகியிருக்க வேண்டும், ஃபுட்பால் லீக்கை விட்டு வெளியேறிவிட்டார்கள் அல்லவா. யாரும் அப்படிச் சொல்லவில்லை. சொல் சத்தமில்லாமல் பொருளை மாற்றிக்கொண்டது. இன்று மேலே இருக்கும் நான்கு அடுக்குகளில் 92 கழகங்கள். அவற்றுக்குக் கீழே ஐந்தாம் அடுக்கிலிருந்து ஊர்க் கழகங்கள் வரை ஆயிரக்கணக்கில் இருப்பதெல்லாம் நான்-லீக். ஐந்தாம் அடுக்கின் பெயரோ 'நேஷனல் லீக்'. இரண்டு லீக் இரண்டு அர்த்தத்தில் ஒரே வாக்கியத்தில் வந்துவிடும்.

சரி, வெஸ்ட் ஆக்லாந்துக்கு வருவோம். இந்தச் சொல்லின் உள்ளே எவ்வளவு பெரிய கதை அடங்கிக் கிடக்கிறது என்று காட்ட இந்த ஊரை விடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை.

1909ஆம் ஆண்டு ஈஸ்டர் சமயத்தில் இத்தாலியின் டூரின் நகரில் ஒரு பன்னாட்டுப் போட்டி நடந்தது. கோப்பை கொடுத்தவர் தேயிலை வணிகர் சர் தாமஸ் லிப்டன். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, இத்தாலி ஆகிய நாடுகளிலிருந்து அணிகள் வந்தன. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் அணி அனுப்ப மறுத்துவிட்டது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. போனது வெஸ்ட் ஆக்லாந்து, அதுவும் சுரங்கத் தொழிலாளிகளின் அணி. எப்படி அழைப்பு வந்தது என்பதற்கு ஒரு ஊர்க்கதை இருக்கிறது. இன்றைய ஆர்சனலான 'உல்விச் ஆர்சனல்' கழகத்துக்குப் போக வேண்டிய கடிதம், இரண்டுக்கும் முதலெழுத்துகள் டபிள்யூ.ஏ. என்பதால் வெஸ்ட் ஆக்லாந்துக்கு வந்துவிட்டதாம். அது கதையாகவே இருக்கட்டும். ஆட்டங்கள் கதை இல்லை. ஸ்டுட்கார்ட் அணியை 2-0 என்றும், இறுதியாட்டத்தில் விண்டர்தூர் அணியை 2-0 என்றும் வென்றார்கள். 1911இல் பட்டத்தைக் காக்க மறுபடி போனார்கள். இறுதியாட்டத்தில் எதிரே நின்றது ஜுவென்டஸ். முடிவு 6-1, வெஸ்ட் ஆக்லாந்துக்கு. இரண்டு முறை வென்றதால் கோப்பை அவர்களுக்கே சொந்தமாகிவிட்டது.

கோப்பை வந்தது, கூடவே கடனும் வந்தது. இத்தாலிவரை போய்வந்த செலவைச் சமாளிக்க முடியாமல், அந்தக் கோப்பையை ஊரில் இருந்த விடுதியின் உரிமையாளரான பெண்மணியிடம் 40 பவுண்டுக்கு அடகு வைத்தார்கள். ஜுவென்டஸைத் தோற்கடித்து வாங்கிய வெள்ளிக் கோப்பை கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு அடகில் இருந்தது. மூழ்கித்தான் போயிருக்கும், ஆனால் ஊர் விடவில்லை. 1960இல் 100 பவுண்டு திரட்டிக் கொடுத்து மீட்டார்கள். தொழிலாளர் மன்றத்தில் காட்சிக்கு வைத்தார்கள். 1994இல் அது திருடு போயிற்று. இன்றுவரை கிடைக்கவில்லை. இப்போது இருப்பது அதன் மாதிரி. 2013இல் ஊர் நடுவே உள்ள பொதுப் புல்வெளியில், நம் பக்கத்தில் மந்தை என்போமே அதுபோன்ற இடத்தில், அந்த வெற்றிக்கு ஒரு சிலை எழுப்பினார்கள். முதல் உலகக் கோப்பை எங்களுடையது என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். நாடுகள் ஆடிய உலகக் கோப்பை 1930இல்தான் தொடங்கியது, இது கழகங்கள் ஆடியது. ஆனாலும் அந்தப் பெருமையைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தமிழர் கவனிக்க வேண்டிய ஒரு இழையும் இதில் உண்டு. லிப்டன் 1890இல் இலங்கை மலையகத்தில் தோட்டங்கள் வாங்கினார். அப்புத்தளைக்குப் பக்கத்தில் உள்ள தம்பேத்தன்னைத் தோட்டம் அவருடையது. அங்கே கொழுந்து பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போன நம் மக்கள். டர்ஹாமின் சுரங்கத்தில் உழைத்தவர்கள் தூக்கிய கோப்பைக்குப் பின்னால் நம்மவர் வியர்வையும் கொஞ்சம் இருக்கிறது.

இந்தக் கழகம் பின்னாளிலும் சும்மா இருக்கவில்லை. 1961இல் அமெச்சூர் கோப்பையின் இறுதியாட்டம், 2012இலும் 2014இலும் எஃப்.ஏ. வேஸ் கோப்பையின் இறுதியாட்டம். மூன்றும் லண்டனின் வெம்பிளி அரங்கில், மூன்றிலும் தோல்வி. ஒன்பதாம், பத்தாம் அடுக்குக் கழகங்களுக்காக நடத்துவதுதான் வேஸ்.

அமெச்சூர் என்றதும் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். நான்-லீக்கை 'அமெச்சூர்' என்று எழுதுவது இன்னொரு தவறு. கூலி வாங்காமல் ஆடுபவர் அமெச்சூர். நான்-லீக்கில் அப்படியும் உண்டு, வாரக்கூலிக்கு ஆடுபவரும் உண்டு, முழுநேரத் தொழிலாக ஆடுபவரும் உண்டு. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் அமெச்சூர், தொழில்முறை என்ற பாகுபாட்டையே 1974இல் எடுத்துவிட்டது.

இனி தமிழுக்கு வருவோம். 'நான்-லீக்' என்று ஒலிபெயர்ப்பது எளிது, ஆனால் தமிழ்க் கண்ணுக்கு 'நான்' என்பது தன்மை இடப்பெயர். இணைப்புக்கோடு அச்சில் விழாமல் போனால் 'நான் லீக்' என்று நிற்கும். 'லீக் அல்லாத' என்பது மேலே சொன்ன குழப்பத்தோடு இன்னொன்றையும் சேர்க்கும். நம் விளையாட்டுப் பக்கங்களில் 'லீக் ஆட்டம்' என்றால் நாக்-அவுட்டுக்கு முந்தைய சுற்று. அதனால் 'லீக் அல்லாத ஆட்டம்' என்றதும் கால்இறுதியோ அரையிறுதியோ என்று வாசகர் நினைத்துக்கொள்வார். 'கீழ்நிலைக் கழகம்' என்று சிலர் எழுதுகிறார்கள். அது ஆளை இளக்காரமாகப் பார்ப்பதுபோல ஒலிக்கிறது. ஆங்கிலச் சொல்லில் அந்த இளக்காரம் இல்லை. அந்தப் பெயரிலேயே ஒரு பத்திரிகை வருகிறது, 2010 முதல் நான்-லீக் தினம் என்று ஒரு நாளே கொண்டாடுகிறார்கள். தேசிய அணிகள் ஆடுவதால் மேல் அடுக்குகளில் ஆட்டம் இல்லாத சனிக்கிழமையில், பக்கத்து ஊர்க் கழகத்தின் ஆட்டத்துக்கு ரசிகர்களை வரச்சொல்லும் நாள் அது.

நான் பரிந்துரைக்கும் சொல் 'வெளியடுக்கு'. அடுக்கு என்பது மேலிருந்து கீழாக அமைந்த வரிசையைக் காட்டுகிறது, 'வெளி' என்பது அந்த 92க்கு வெளியே நிற்பதைக் காட்டுகிறது. தகுதியைப் பற்றி எதுவும் பேசவில்லை. வெளியடுக்குக் கழகம், வெளியடுக்குக் கால்பந்து, வெளியடுக்கு வீரர் என்று தடையில்லாமல் சேரும். முதல்முறை வரும் இடத்தில் 'முதல் நான்கு அடுக்குகளுக்கு வெளியே உள்ள' என்று ஒருதரம் விளக்கிவிட்டால், அப்புறம் கட்டுரை முழுக்க வெளியடுக்கு என்றே எழுதலாம்.

கிளப்புக்குக் 'கழகம்' போதும். தமிழ்நாட்டில் அந்தச் சொல்லைக் கேட்டால் கட்சிதான் முதலில் நினைவுக்கு வரும் என்று தயங்குபவர்கள் உண்டு. தயக்கம் தேவையில்லை. இலங்கையில் ஊருக்கு ஊர் 'விளையாட்டுக் கழகம்' என்ற பெயர்ப் பலகையைப் பார்க்கலாம். திருக்குறளில் கழகம் என்பது சூதாடும் இடம். சொல் அப்போதே ஆட்டத்தோடு சேர்ந்துதான் இருந்திருக்கிறது.

லீக்கை மட்டும் லீக் என்றே விட்டுவிடலாம். கட்டு என்ற மூலத்துக்கு நெருங்கிய 'கூட்டணி' தேர்தலுக்குப் போய்விட்டது, அதைத் திருப்பி வாங்க முடியாது. ஆகவே ஒரு செய்தி வாக்கியம் இப்படி அமையலாம்: 'டர்ஹாம் மாவட்டத்து வெளியடுக்குக் கழகமான வெஸ்ட் ஆக்லாந்து டவுன், நார்தர்ன் லீக்கில் நேற்று நடந்த ஆட்டத்தை வென்றது.' இதில் லீக் ஒரு முறைதான் வருகிறது, அதுவும் அந்த லீக்கின் பெயராக.