பொருத்தமான டிரெய்லர் இல்லாமல் பெரிய படகைக் கரையேற்றும் முன்

படகைக் கரையேற்றித் தர முடியுமா என்று கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது அதன் எடையை. பெரும்பாலும் விற்பனைத் தாளில் அச்சடித்த எண்ணைத்தான் சொல்வார்கள். அது காலிப் படகின் எடை. சில தயாரிப்பாளர்கள் அதில் எஞ்சினைக்கூடச் சேர்ப்பதில்லை. டீசல் லிட்டருக்குச் சுமார் 0.84 கிலோ. 400 லிட்டர் டாங்க் நிரம்பியிருந்தால் அதுவே 330 கிலோவைத் தாண்டும். 200 லிட்டர் குடிநீர் என்றால் 200 கிலோ. அப்புறம் நங்கூரம், சங்கிலி, பேட்டரிகள், படகின் அடியில் யாரும் பார்க்காமல் தேங்கிக் கிடக்கும் தண்ணீர். 4 டன் என்று சொல்லி வந்த படகு தராசில் 5 டன் காட்டினால் எங்கள் வேலையில் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. அதனால் டாங்குகளைக் காலி செய்வதும், தேங்கிய நீரை இறைப்பதும், கழற்றக்கூடியதைக் கழற்றி இறக்குவதும்தான் முதல் வேலை. இதற்குப் பெரிய செலவும் இல்லை.

கொஞ்சம் சின்ன டிரெய்லரிலேயே ஏற்றி மெதுவாக ஓட்டிப் போய்விடலாம் என்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: வேண்டாம். டயர், அச்சு, பிரேக் மூன்றுக்கும் எடை வரம்பு உண்டு, மெதுவாகப் போவதால் அது உயர்ந்துவிடாது. தாங்குக் கட்டைகள் படகின் பலமான இடங்களுக்கு நேராக அமையாவிட்டால், ஃபைபர் அடிப்பகுதி உள்வாங்கும்.

தண்ணீரில் இருக்கும்வரை படகின் எடையை அடிப்பகுதி முழுக்கத் தண்ணீரே பரவலாகத் தாங்குகிறது. 5 டன் படகை ஒருவரே கையால் தள்ளி நகர்த்தலாம். அந்த லேசு பலரை ஏமாற்றிவிடுகிறது. படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பான ஏராவின் முன்முனை, கரையேற்றும் சரிவான சாய்தளத்தைத் தொட்டதும் நிலைமை மாறுகிறது. முன்பக்க எடை ஒரு சிறு இடத்தில் தரையில் இறங்கிவிட, பின்பக்கம் இன்னும் மிதந்துகொண்டிருக்கும். தரை ஏராவை மேல்நோக்கித் தள்ளுவதால், படகு தானாக நிமிர்ந்து நிற்கும் ஆற்றல் குறைகிறது. உலர்துறையில், அதாவது தண்ணீரை வெளியேற்றிக் கப்பலைக் கட்டைகளில் நிறுத்தும் தொட்டியில், பெரிய கப்பலை இறக்கும்போதும் பொறியாளர்கள் கணக்குப் போட்டுப் பார்ப்பது இதையேதான். இந்தக் கட்டத்தில் மேல்தளத்தில் இரண்டு பேர் ஒரு பக்கமாக நடந்தாலே படகு சாயலாம். பாதி நிரம்பிய டாங்க் இன்னும் மோசம். சாயும் பக்கத்துக்கே எண்ணெயும் ஓடும். ஆகவே இழுக்கத் தொடங்கியபின் படகில் யாரும் இருக்கக் கூடாது. இரு பக்கமும் பக்கக் கயிறு பிடித்தவர்கள், படகு சாய்ந்தால் விழும் தூரத்துக்கு வெளியே நிற்க வேண்டும்.

சரி, இழுக்க எவ்வளவு விசை வேண்டும்? எட்டடி தூரத்துக்கு ஓரடி ஏறும் சாய்தளம், 5 டன் படகு என்று வைத்துக்கொள்வோம். சரிவுக்கு மட்டும் சுமார் 600 கிலோ. அதோடு உராய்வு சேரும். காய்ந்த மரக்கட்டை கான்கிரீட்டில் தேய்ந்தால் உராய்வே 2 டன்னைத் தாண்டும். கிரீஸ் பூசிய மரத்தின்மேல் மரம் சறுக்கினால் ஒரு டன்னுக்குள் அடங்கிவிடும். உருளைகள் வைத்தால் இன்னும் குறையும், ஆனால் தரை கெட்டியாக இருக்க வேண்டும். மணலில் பலகை பரப்பாமல் உருளை வைத்தால் அது புதைந்து நின்றுவிடும். சீனாவில் 1980களிலிருந்து கப்பல் இறக்கப் பயன்படும் ரப்பர் காற்றுப் பைகள் இந்த இடத்தில் நன்றாக உதவுகின்றன. பாரத்தை அகலமாகப் பரப்புவதால் மென்மையான தரையிலும் படகு நகரும்.

ஆனால் உராய்வு குறையக் குறைய சரிவின் அந்த 600 கிலோ விசை படகைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். உருளை வைத்து சுலபமாக ஏறுகிறது என்று மகிழ்பவர்கள், கயிறு விட்டால் அதே சுலபத்தில் இறங்கும் என்பதை யோசிப்பதில்லை. இழுக்கும் ஒவ்வொரு முழத்துக்கும் பின்னால் ஆப்பு வைக்க வேண்டும். ஆப்பை நீளமான கம்பால் தள்ள வேண்டும், கையால் அல்ல.

இந்த வேலையில் நான் அதிகம் பயப்படுவது கயிற்றுக்குத்தான். மேல்தளத்தில் கயிறு கட்டும் கொண்டி, படகைத் துறையில் கட்டி வைப்பதற்கு உள்ளது. 5 டன்னை மேட்டில் இழுத்தால் திருகாணியோடு பிய்த்துக்கொண்டு பறக்கும். கயிற்றைப் படகின் உடலைச் சுற்றி, பின்புறம்வரை கொண்டுபோய் அணைத்துக் கட்டி இழுப்பதே சரி. நைலான் கயிறு நன்றாக நீளும். நீண்ட அத்தனையும் அறுந்த கணத்தில் திரும்பி அடிக்கும். இதைவிட நீட்சி குறைந்த பாலியஸ்டர் நல்லது. எந்தக் கயிறானாலும் அதன் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. மரத்தில் கப்பி கட்டி கயிற்றை வந்த பக்கமே திருப்பினால் அந்த மரத்தின்மேல் இழுவிசை ஏறக்குறைய இரு மடங்கு. கயிறு மடங்கும் அந்தக் கோணத்துக்கு உள்ளே நிற்பதும் ஆபத்து. வண்டியைக் கட்டி வெடுக்கென்று இழுப்பதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். கையால் சுற்றிக் கயிற்றை இழுக்கும் கைவின்ச் மெதுவாகத்தான் இழுக்கும், அதனால்தான் அது நல்லது.

பணம் அனுமதித்தால் கிரேன்தான் என் தேர்வு. 50 டன் கிரேன் என்ற பெயரை மட்டும் நம்ப வேண்டாம். கை நீள நீள அது தூக்கும் எடை வேகமாகக் குறையும், சில டன்னுக்கும் வந்துவிடும். படகு நிற்கும் தூரத்தைச் சொல்லி, அந்தத் தூரத்துக்கான எடையைக் கேளுங்கள். படகைச் சுற்றித் தூக்கும் ஸ்லிங் பெல்ட்டின் இரண்டு கால்களும் படுக்கைக் கோட்டிலிருந்து 30 பாகை மட்டுமே உயர்ந்திருந்தால், அந்த பெல்ட் சுமக்கும் எடை முழுவதற்கும் சமமான இழுவிசையை ஒவ்வொரு காலும் தாங்குகிறது, படகின் விளிம்பையும் நசுக்குகிறது. அகலமான குறுக்குச் சட்டம் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. பெல்ட் புரொப்பெல்லர் தண்டின்மேலோ சுக்கானின்மேலோ விழாதபடி இடத்தை முன்கூட்டியே குறித்து, முன் பெல்ட்டையும் பின் பெல்ட்டையும் ஒன்றோடொன்று கட்டிவிடுங்கள். படகின் முன்பகுதியான அணியத்தின் சரிவில் முன் பெல்ட் வழுக்குவது இப்படித்தான் தடுக்கப்படுகிறது.

அடிப்பகுதியைச் சுரண்டி வர்ணம் அடிக்க மட்டும் என்றால் கரையேற்றவே தேவையில்லாமல் போகலாம். ஓதம், அதாவது கடலின் ஏற்றவற்றம், நன்றாக ஏறி இறங்கும் இடமாக இருந்தால், கெட்டியான தரையில், சுவரோரம் படகைச் சாய்த்துக் கட்டி, வற்றும் நேரத்தில் வேலையை முடித்துக்கொள்ளலாம். பௌர்ணமி, அமாவாசைக்குப் பின் வரும் பெரிய ஓதத்தின் உச்சியில் மட்டும் தரைதட்ட விடாதீர்கள். அடுத்தடுத்த ஓதங்கள் உயரம் குறைந்துவிடுவதால் படகு அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

கரையேறிய படகின் எடை ஏராவின் அடியில் வைத்த கட்டைகளில் நிற்க வேண்டும். பக்க முட்டுகள் சாயாமல் பிடிப்பதற்கு மட்டுமே. கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். உள்ளே குறுக்குச் சுவர் இருக்கும் இடத்துக்கு நேராக முட்டு வையுங்கள், எதிரெதிர் முட்டுகளைச் சங்கிலியால் இணையுங்கள். முட்டுக்காலில் தார்ப்பாய்க் கயிற்றைக் கட்டும் பழக்கத்தை மட்டும் விடுங்கள். காற்றில் பாய் உதறும்போது முட்டு கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். வடிகால் அடைப்பைத் திறந்தே வையுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் இறைத்த எடையை மழை திரும்பக் கொண்டுவந்துவிடும். மழைக்குப் பின் மண் இளகியிருக்கும், எல்லா முட்டுகளையும் ஒருமுறை தட்டிப் பார்த்த பிறகே படகின்மேல் ஏறுங்கள்.