ஸ்டேட் ஃபேர்: ஆட்டைத் தொட்ட கை

ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, வயிற்றுப்போக்கோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் பெற்றோரிடம் தவறாமல் கேட்பேன்: "ஸ்டேட் ஃபேர் போனீங்களா?" அமெரிக்க மாநிலங்களில் ஆண்டுதோறும் நடக்கும், ஆடு மாடுகளும் இடம்பெறும் பெரிய கண்காட்சி அது. போயிருந்தால் உடனே தின்பண்டப் பட்டியல் வரும். கார்ன் டாக், ஃபனல் கேக், பொரித்த ஓரியோ. "அந்த எண்ணெய்தான் டாக்டர் ஒத்துக்கலை." ஆடு மாடு பார்த்தீர்களா என்றால் முகம் மலர்ந்துவிடும். "ஆட்டுக்குத் தீனிகூட குடுத்தான்!" என்று போனைத் திறந்து படம் காட்டுவார்கள். எனக்கு வேண்டிய பதில் பெரும்பாலும் அந்தப் படத்தில்தான் இருக்கும்.

போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. அயோவாவில் 1911-லிருந்து வெண்ணெயால் செய்துவரும் பசுச் சிலையையும், மினசோட்டாவில் கண்ணெதிரே நடக்கும் கன்று ஈனலையும் நம் பிள்ளைகள் வேறெங்கே பார்க்கப்போகிறார்கள்? ஆனால் தின்பண்டக் கடைகளைச் சந்தேகப்படும் நாம், விலங்குகள் இருக்கும் கொட்டகையைச் சந்தேகப்படுவதே இல்லை.

ஈ. கோலை ஓ157 என்ற கிருமி மாடு, ஆடு, செம்மறியின் குடலில் சாதுவாக வாழ்கிறது. விலங்குக்கு ஒன்றும் செய்யாது. பரிசு வாங்கிய, குளிப்பாட்டிச் சீவிவிட்ட ஆடும் சாணத்தோடு அதை வெளியேற்றலாம். பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. கோடையிலும் அதை ஒட்டிய மாதங்களிலும் இது அதிகம். ஃபேர் நடப்பதும் அப்போதுதான்.

2004 அக்டோபரில் வட கரோலினா ஸ்டேட் ஃபேருக்குப் போய்வந்த 108 பேருக்கு நோய் வந்தது. 15 பேருக்குச் சிறுநீரகம் வரை பாதிப்பு. விசாரித்தபோது காரணம் விலங்குகளைத் தொட்டு விளையாடும் பட்டி என்று தெரிந்தது. சாணத்தில் கைபட்டது, தரையில் உட்கார்ந்தது, விழுந்தது, விரல் சூப்பியது, பட்டிக்குள் சிப்பி கப்பில் குடித்தது என எல்லாமே குழந்தைகள் இயல்பாகச் செய்பவை. ஆல்கஹால் ஜெல் தடவியவர்களுக்கு அது பாதுகாப்பாக இருந்ததாகத் தெரியவில்லை. அடுத்த ஆண்டே அந்த மாநிலம் இத்தகைய கண்காட்சிகளுக்கு அனுமதி பெறுவதைச் சட்டமாக்கியது.

இரண்டு வயதுக் குழந்தையை ஒரு நிமிடம் கவனித்துப் பாருங்கள். விரித்த கையில் தீனி. ஆட்டின் நாக்கு உள்ளங்கை முழுவதும் வழிக்கிறது. கூச்சத்தில் சிரித்து, கையைச் சட்டையில் துடைக்கிறான். மரக்கம்பியைப் பிடித்து ஏறுகிறான். சட்டையில் கிளிப் போட்டுத் தொங்கும் பாசிஃபையர் (ரப்பர் சூப்பான்) அதே கம்பியில் உரசுகிறது. இறங்கியதும் அது வாய்க்குப் போகிறது. அம்மா பையிலிருந்து ஜெல் எடுப்பது இதற்குப் பிறகுதான்! சாணமும் எச்சிலும் அப்பிய கையில் ஜெல் சரியாக வேலை செய்யாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும். இருபது வினாடியாவது, சின்னக் குழந்தைக்குப் பெரியவர்களே தேய்த்துக் கழுவிவிட வேண்டும். விலங்கைத் தொடாமல் வேலியை மட்டும் பிடித்திருந்தாலும் கழுவத்தான் வேண்டும்.

அதனால் பாசிஃபையர், பால் புட்டி, தின்பண்டம், ஸ்ட்ரோலர் நாலும் கொட்டகைக்கு வெளியே இருக்கட்டும். ஒருவர் வெளியே நின்று பார்த்துக்கொள்ளுங்கள், அப்புறம் ஆள் மாறிக்கொள்ளலாம். ஐந்து வயதுக்குட்பட்டவர்களை நான் தூக்கிவைத்தே காட்டச் சொல்வேன். காய்ச்சாத பாலும், பாஸ்டரைஸ் செய்யாத (சூடாக்கிக் கிருமி நீக்காத) ஆப்பிள் சைடர் என்ற பழச்சாறும் எந்த வயதிலும் வேண்டாம்.

பன்றிக் கொட்டகை வேறு கதை. 2012-ல் பன்றிகளிடமிருந்து தொற்றிய ஃப்ளூ அமெரிக்காவில் 309 பேருக்கு வந்தது. பெரும்பாலோர் ஃபேர்களில் பன்றிகளோடு பழகிய பிள்ளைகள். ஐந்து வயதுக்குட்பட்டவர்கள், கர்ப்பிணிகள், 65 வயதைத் தாண்டியவர்கள், ஆஸ்துமா, சர்க்கரை நோய் உள்ளவர்கள் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது. ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டியும் இதில் அடக்கம்.

வீடு திரும்பிய பிறகு நடப்பதுதான் எனக்கு அதிகக் கவலை. ஓ157 மறுநாளே வந்து நிற்பதில்லை. பெரும்பாலும் மூன்று நான்கு நாள், சிலருக்குப் பத்து நாள்கூட ஆகும். அதற்குள் ஃபேர் மறந்துபோகும். கடுமையான வயிற்றுவலி, பிறகு மலத்தில் ரத்தம்; காய்ச்சல் லேசாகவோ இல்லாமலோ இருக்கும். நம் வீடுகளில் அப்போது திறக்கப்படுவது இந்தியாவிலிருந்து கொண்டுவந்த மருந்துப் பை. தயவுசெய்து அதை மூடிவையுங்கள். இந்தக் கிருமிக்கு ஆண்டிபயாடிக் கொடுத்தால் சிறுநீரகப் பாதிப்பின் அபாயம் கூடலாம். லோபரமைடு போன்ற, போக்கை நிறுத்தும் மாத்திரையும் அப்படியே. ஐபுப்ரோஃபெனும் வேண்டாம். ஓஆர்எஸ் கொடுத்துக்கொண்டே, ரத்தம் தெரிந்த அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். ஃபேருக்குப் போனதை அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லுங்கள். இந்தக் கிருமி சுரக்கும் ஷிகா நச்சைக் கண்டறியும் மலப் பரிசோதனைக்கு அது வழிகாட்டும்.

நோய் வந்தவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குச் சிறுநீரகம் பாதிக்கிறது. சின்னக் குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம். ஏறக்குறைய ஒரு வாரத்தில், போக்கு குறைந்து 'அப்பாடா' என்று உட்காரும் நேரத்தில் அது தலைகாட்டும். முகம் வெளுத்து, சோர்ந்து, எட்டு மணி நேரமாக டயப்பர் நனையாமல் இருந்தால் அப்பாயின்ட்மெண்ட் தேடாமல் நேரே எமர்ஜென்சிக்குப் போங்கள்.

பரிசோதனையில் உறுதியானால் சுகாதாரத் துறையிலிருந்து அழைப்பு வரும். எந்த நாள் போனீர்கள், எந்தக் கொட்டகை, எதைத் தொட்டான் என்று துருவித் துருவிக் கேட்பார்கள். தெரியாத நம்பர் என்று கட் செய்துவிடாதீர்கள். போனில் இருக்கும் அந்தப் படங்களில் தேதியும் நேரமும் இருக்கும், பார்த்துச் சொல்லலாம்.