விழுந்தவரைத் தூக்காதீர்கள்

மலேசியாவில், பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படிகள். தைப்பூசத்தன்று அதில் ஏறுகிறவர்கள் மயங்கி விழுந்து நான் அதிகம் பார்த்ததில்லை. கீழே வரிசையில் அசையாமல் நிற்கிறவர்கள்தான் பொத்தென்று விழுவார்கள். நானும் அப்படி விழுந்தவன்தான். முதலில் கொட்டாவி, அப்புறம் குமட்டல், சில்லென்று வியர்த்துச் சட்டை முதுகில் ஒட்டியது, உறுமிச் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் அமுங்கியது, கண் ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வந்தது. விழித்தபோது மூக்குக்கு நேரே யாருடைய செருப்போ. பாவம், நாலு பேர் சேர்ந்து என்னைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மறுபடியும் போய்விட்டேன்!

எழுந்து நின்றாலே அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடும். கழுத்துத் தமனியில் இருக்கும் அழுத்த உணரிகள் அதைக் கண்டுபிடித்துச் சொல்ல, இதயம் வேகமாக அடித்து, நாளங்கள் இறுகி, ஈடுகட்டிவிடும். நடந்தால் இன்னும் வசதி, ஒவ்வொரு அடிக்கும் கெண்டைக்கால் தசை நாளத்தைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளும். நின்றுகொண்டே இருந்தால் அந்தப் பம்பு ஓடாது. அதோடு நம்ம ஊர் வெயில் வேறு: சூட்டைத் தணிக்கத் தோலின் நாளங்கள் விரியும், வியர்வையில் நீரும் போகும். பள்ளிச் சபைகூடலில் பிள்ளைகள் சாய்வதும் இதனால்தான்.

ஒரு கட்டத்தில் உடம்பின் கணக்கு தலைகீழாகிவிடும். இதயத்தை விரட்டவேண்டிய நேரத்தில் வேகஸ் நரம்பு கடிவாளத்தை இழுக்கும், நாளங்களும் தளரும். மூளைக்கு ரத்தம் நின்றால் பத்து வினாடிகூட நினைவு தாங்காது. ஊசியையோ ரத்தத்தையோ பார்த்து மயங்குகிறவர்களுக்கும் நடப்பது இதேதான், அவர்களைக் கோழை என்று கேலி செய்வது அநியாயம்.

விழுந்ததும் தலையும் இதயமும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுவதால் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் தெளிந்துவிடும். விழுவதே பாதி வைத்தியம், அதைத்தான் நாற்காலி கெடுத்தது. சிலருக்குக் கை கால் சில வினாடி உதறும், உடனே யாராவது வலிப்பு என்று சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். வலிப்பென்றாலும் இரும்பால் ஒரு பயனும் இல்லை. மயங்கி விழுந்தவரை மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை உயர்த்திப் பிடியுங்கள், முழுசாகத் தெளியும்வரை வாயில் தண்ணீர் ஊற்றவேண்டாம். ஓரிரு நிமிடத்தில் எழவில்லையா, 999-க்கு அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள்.

அடிக்கடி மயக்கம் வருகிறவர்கள் அந்தக் கொட்டாவியையும் குமட்டலையும் அடையாளம் வைத்துக்கொள்ளவேண்டும். வந்தால் உடனே உட்காருங்கள், முடிந்தால் படுங்கள், நாலு பேர் பார்ப்பார்களே என்று யோசிக்காதீர்கள். இடமில்லையென்றால் கால்களைப் பின்னிக்கொண்டு தொடையையும் பிட்டத்தையும் இறுக்குங்கள், ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறும். வண்டி ஓட்டும்போது வந்தால் ஓரங்கட்டுங்கள். கூட்டத்துக்குப் போகுமுன் இரண்டு பெரிய கிளாஸ் தண்ணீர் நல்லது. உப்பைக் கூட்டச் சொல்வார்கள், அது டாக்டர் சொன்னால் மட்டும், பிரஷர்காரர்களுக்கு ஆபத்து.

ஆனால் ஓடும்போதோ படுத்திருக்கும்போதோ மயக்கம் வந்தால், எந்த அறிகுறியும் இல்லாமல் வந்தால், நெஞ்சு படபடத்து வந்தால், வீட்டில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தால், வெயில்மேல் பழி போடாமல் இதயத்தைப் பரிசோதித்துவிடுங்கள்.

நான் இப்போதெல்லாம் வரிசையில் நின்றால் குதிகாலை ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பேன். போன தைப்பூசத்தில் பக்கத்திலிருந்த பாட்டி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஒண்ணுக்கு வருதாய்யா?" என்று கேட்டார்.