எழுத்தாணி மறைந்தும் நிலைத்த தெருப்பெயர்

மதுரை எழுத்தாணிக்காரத் தெருவில் எழுத்தாணியால் பிழைப்பவர் எவரும் இல்லாத இக்காலத்திலும் அப்பெயர் எப்படி நிலைத்திருக்கிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகள் திருவிழாக்களால் பெயர் பெற்றவை. 1840-களில் கோட்டைச் சுவரை இடித்த பின் அமைந்த வீதிகள், அப்பணியில் ஈடுபட்ட மாரட், பெருமாள் மேஸ்திரி ஆகியோரின் பெயர்களைத் தாங்குகின்றன. வெண்கலக்கடைத் தெரு, வளையல்காரத் தெரு, நெல்பேட்டை, வெற்றிலைப்பேட்டை ஆகியவற்றின் பெயர்களோ வேறு வகை. அங்கே நடந்த தொழிலே அவற்றுக்குப் பெயராயிற்று.

ஒரே தொழில் ஒரே தெருவில் ஏன் குவிகிறது? கல்யாணச் சீருக்குப் பாத்திரம் வாங்கக் கிராமத்திலிருந்து வருபவர், குடத்தைச் சுண்டி ஓசை கேட்டு, எடை பார்த்து, அடுத்த கடையிலும் விலை விசாரித்த பின்புதான் பணத்தை எடுப்பார். கடைகள் வரிசையாக இருக்கும் இடத்தையே அவர் நாடுவதால், புதிதாகத் தொழில் தொடங்குபவரும் போட்டியைப் பொருட்படுத்தாமல் அங்கேயே கடை போடுகிறார். கடைகள் பெருகப் பெருக வாடிக்கையும் பெருகுகிறது. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை மதுரையில் துணிகளுக்கு அறுவை வீதியையும் தானியங்களுக்குக் கூல வீதியையும் தனித்தனியே காட்டுவதால், இவ்வழக்கம் மிகப் பழமையானது என்பது தெளிவு.

இனி, என்னை மிகவும் வியக்க வைக்கும் பகுதிக்கு வருகிறேன். எழுத்தாணியின் ஒரு முனை ஓலையில் எழுத்தைக் கீறும் கூர்மை உடையது. மறுமுனையில் ஓலையை நறுக்கும் கத்தி அமைந்ததும் உண்டு. கீறிய எழுத்தின் மேல் கரியைத் தடவினால்தான் அது கண்ணுக்குப் புலப்படும். காகிதமும் அச்சும் பரவியபோது இக்கருவிக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆனால் அத்தெருவில் ஒரு வீடு கைமாறும்போது, இன்னார் வீட்டுக்கு வடக்கு, இன்ன தெருவுக்குக் கிழக்கு என்று பத்திரத்தில் நான்கெல்லை எழுதியாக வேண்டும். தாய்ப்பத்திரத்தில் உள்ள விவரத்தோடு புதிய பத்திரம் பொருந்தாவிட்டால் வில்லங்கம் வரும் என்பதால், எழுதுபவர் தெருப்பெயரை அப்படியே எடுத்து எழுதுகிறார். இவ்வாறு, தொழில் அழிந்தாலும் சொத்துரிமை அதன் பெயரைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து வருகிறது.

தெருப்பெயர்களிலிருந்து சாதிப் பட்டங்களை நீக்குவது நியாயமே. அதே கையோடு தொழிற்பெயர்களையும் நீக்குவதை நான் ஏற்கமாட்டேன். எழுத்தாணிக்காரத் தெரு என்ற பெயர், ஓலையில் எழுதிய ஒரு நகரத்தின் சான்று. அகழாய்வுக்கு ஒதுக்கும் நிதியில் சிறு பங்கையேனும் பழைய பத்திரங்களிலும் நில அளவை வரைபடங்களிலும் உள்ள தெருப்பெயர்களைத் தொகுக்க அரசு ஒதுக்க வேண்டும். பெயர்ப்பலகை எதையும் மாற்றுவதற்கு முன்பே அப்பணி முடிந்திருக்க வேண்டும்.