சைவ மட்டனுக்கு ஏன் கறி வாசம் வருவதில்லை?

புரட்டாசி வந்துவிட்டால் மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளில் சைவ மட்டன் பிரட்டலுக்கு நல்ல கிராக்கி. மென்றால் நார் தட்டுப்படும், மசாலா கமகமக்கும். கறி வாசம் மட்டும் இருக்காது.

நார் செய்வது கஷ்டமில்லை. கோதுமை மாவைப் பிசைந்து தண்ணீரில் அலசினால் மாவுச்சத்து கரைந்துபோய், இழுபடும் குளூட்டன் புரதம் மிஞ்சும். சோயா என்றால், மாவைச் சூட்டோடும் அழுத்தத்தோடும் இயந்திரத்தில் தள்ளி, முறுக்கு பிழிவதுபோல் வெளியேற்றுவார்கள். சுருண்டு கிடந்த புரதங்கள் அவிழ்ந்து, ஒரே திசையில் படிந்து நாராகிவிடும்.

வாசத்துக்கு வழி தேடியவர் பேட்ரிக் பிரவுன். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் பேராசிரியராக இருந்தவர், 2011-ல் செடிப் பொருள்களில் கறி போன்ற உணவு செய்யும் இம்பாசிபிள் ஃபுட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் பிடித்துக்கொண்ட துப்பு ஹீம். நடுவில் இரும்பு அணுவைத் தாங்கிய மூலக்கூறு இது. நம் ரத்தமும் ஆட்டுத் தசையும் சிவந்திருப்பது இதனால்தான். கறி சூடேறும்போது ஹீமைப் பிடித்திருக்கும் புரதம் குலைகிறது. வெளிப்படும் ஹீம், அங்குள்ள அமினோ அமிலம், சர்க்கரை, கொழுப்பு இவற்றுக்கிடையே வேதிவினைகளை முடுக்கிவிடுகிறது. அப்போது பிறக்கும் பலப்பல வாசனைப் பொருள்கள் சேர்ந்ததே கறி வாசம்.

சரி, செடியில் ஹீம் உண்டா? தோட்டத்து மக்களுக்கு இதைக் கையிலேயே காட்டலாம். செம்பனைக் கன்றுகளுக்கு நடுவே மண்ணை மூட வளர்க்கும் மியூக்குனா, பியூரேரியா கொடிகள் எல்லாம் பயறு இனம். ஒன்றை வேரோடு தோண்டினால் சின்னச் சின்ன முடிச்சுகள் தெரியும். நல்ல முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அந்தச் சிவப்பு லெக்ஹீமோகுளோபின் என்ற புரதம். முடிச்சில் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உரமாக்குகிறது. ஆக்சிஜன் மிஞ்சினால் அந்த வேலை கெட்டுவிடும். அதைப் பிடித்துவைத்து அளவாகக் கொடுப்பது இந்தப் புரதம்தான். இதிலும் ஆட்டுக்கறியிலும் இருப்பது ஒரே ஹீம். எனக்கு இன்றும் வியப்பு தீராத விஷயம் இது.

வேரைத் தோண்டியெடுத்துக் கட்டுப்படியாகாது. அதனால் சோயாச் செடியில் இந்தப் புரதத்தை உருவாக்கும் மரபணுவை ஒருவகை ஈஸ்ட்டில் சேர்த்து, தொட்டியில் வளர்த்துப் புரதத்தை எடுக்கிறார்கள். மரபணு மாற்றம் என்றதும் தயங்குபவர்கள் உண்டு, அவர்கள் கேள்விகளைத் தள்ளிவிடக் கூடாது. கொழுப்புக்குத் தேங்காய் எண்ணெயும் சேர்ப்பதுண்டு. ஆகவே சைவம் என்பதாலேயே நெஞ்சுக்கு நல்லது என்று நினைத்துவிட வேண்டாம்.

என்னைக் கேட்டால், குழம்பில் கொதிக்கும் சைவ மட்டனுக்கு நாரே போதும். மசாலா மற்றதைப் பார்த்துக்கொள்ளும். ஹீம் உண்மையில் கைகொடுப்பது வறுவலுக்கு. குழம்பு நீர் 100 டிகிரிக்கு மேல் பெரிதாக ஏறாது. வறுவலில் நீர் வற்றி, சட்டியைத் தொடும் பக்கம் அதையும் தாண்டிச் சூடேறுகிறது. கறி வாசம் தரும் வினைகள் வேகமெடுப்பது அங்கேதான்.