குறிமுனையும் சுட்டுவிரலும்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு மாமரம் இருந்தது. தாத்தா உண்டிவில்லை எடுத்தால் ஒரு கண்ணை மூடமாட்டார், கவட்டைக்கு நடுவே குறியும் பார்க்கமாட்டார். காம்பைப் பார்ப்பார், கை உயரும், காய் விழும். கேட்டால், "கண் பார்த்தால் கை செய்யும்" என்பார். அந்தப் பதிலுக்குள் எவ்வளவு அறிவியல் இருக்கிறது என்பது, நாற்பது வயதுக்குமேல் நான் கைத்துப்பாக்கி பயிலப் போனபோதுதான் விளங்கியது.

குறிபார்த்துச் சுடுபவர் மூன்று பொருள்களை ஒரே கோட்டில் நிறுத்த வேண்டும்: கண்ணுக்கு அருகே பின்குறியின் பள்ளம், குழல் நுனியில் குறிமுனை, தொலைவில் இலக்கு. கண்வில்லையோ ஒரு நேரத்தில் ஒரு தொலைவைத்தான் தெளிவாகக் காட்டும். அதனால் குறிமுனையைத் தெளிவாகப் பார், இலக்கு மங்கினால் மங்கட்டும் என்று கற்பிக்கிறார்கள். காரணம் எளிய கணக்கு. இரு குறிகளுக்கும் இடையே 16 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். குறிமுனை 1 மி.மீ. விலகினால், 7 மீட்டரில் குண்டு ஏறத்தாழ 4.4 செ.மீ. தள்ளிப் போகும், 25 மீட்டரில் 15.6 செ.மீ. வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு அந்தக் குறிமுனையே கலங்கித் தெரியும் என்பது என் வயதுக்காரர்களின் தனித் துன்பம்.

இன்னொரு முறை சுட்டிச் சுடுவது: குறிகளைப் பார்க்காமல், விரலால் சுட்டிக்காட்டுவதுபோலத் துப்பாக்கியை நீட்டிச் சுடுவது. அதில் கண் இலக்கைவிட்டு நகர்வதில்லை. துப்பாக்கி எங்கே இருக்கிறது என்பதைக் கையே சொல்ல வேண்டும். தசைகளுக்குள் இருக்கும் நுண்ணிய தசைக்கதிர்கள், தசை எவ்வளவு நீண்டது, எவ்வளவு வேகமாக நீண்டது என்று மூளைக்கு இடைவிடாமல் சேதி அனுப்புகின்றன. கை கால் எங்கே இருக்கிறது என்று சொல்லும் இந்த உணர்வுக்கு 1906இல் பெயர் சூட்டியவர் ஆங்கிலேய உடலியலாளர் சார்லஸ் ஷெரிங்டன். கண் காட்டிய இடமும் கை போன ​இடமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துத் திருத்துவது சிறுமூளையின் வேலை.

இதை 'உள்ளுணர்வு' என்று அழைப்பது எனக்கு உடன்பாடில்லை. பிறவியிலேயே வந்ததுபோல அது ஒலிக்கிறது. அது பழகி வருவது என்பதற்கு, 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பட்டகம் என்னும் ஒளியை வளைக்கும் கண்ணாடியை வைத்துச் செய்த சோதனை சான்று. காட்சியைப் பக்கவாட்டில் நகர்த்திக் காட்டும் பட்டகத்தை அணிந்துகொண்டு ஒரு பொருளைத் தொட முயன்றால் விரல் தவறான இடத்துக்குப் போகும். திரும்பத் திரும்ப முயன்றால் சரியாகிவிடும். பட்டகத்தைக் கழற்றியதும் விரல் எதிர்ப்பக்கம் பிசகும். கைக்கு இருப்பது பிழையிலிருந்து செதுக்கிய அளவுகோல்தான்.

நீங்களும் வீட்டில் பார்க்கலாம். சுவரில் உள்ள விளக்குப் பொத்தானை நன்றாகப் பாருங்கள். கண்ணை மூடி, கையை நீட்டிச் சுட்டுங்கள். பிறகு கண்ணைத் திறந்து, ஒற்றைக் கண்ணால் விரலின் வழியே பாருங்கள். முதல் முறை விலகல் தெரியும். பத்து முறை செய்தால் குறையும்.

நான் அவசரப்பட்டு முதலில் சுட்டிச் சுடவே பழகினேன். வலக்கைக்காரனான என் குண்டுகள் எல்லாம் தாளின் இடப்பக்கக் கீழ்மூலையில் குவிந்தன. கை சுட்டும் திசையைப் பல நாள் குறை சொன்னேன். பயிற்றுநர் என்னை நிறுத்தி, குறிமுனையைப் பார்த்தபடி மெதுவாக விசையை அழுத்தச் சொன்னார். அப்போதுதான் கண்டேன்: விசை விடுபடும் நொடியில் குறிமுனை இடப்பக்கம் கீழே துள்ளியது. கை சரியாகத்தான் சுட்டியிருந்தது. விசையை வெடுக்கென்று இழுத்த விரல்தான் கெடுத்தது. இலக்கையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இந்தத் துள்ளல் தெரியாது. ஆகவே இரண்டையும் சேர்த்துக் கற்பதே சரி என்று உறுதியாகச் சொல்வேன். குறிபார்ப்பது விரலைத் திருத்தும்; சுட்டுவது கையை விரைவாக்கும். சில மீட்டர் தொலைவுக்குள் சுட்டுவது போதும். தொலைவு கூடக் கூடக் கோணப்பிழை பெருகும். அங்கே குறிமுனை இல்லாமல் முடியாது.

குண்டு இல்லை என்று இருமுறை சோதித்த துப்பாக்கியோடு, பயிற்றுநர் முன்னிலையில், இப்போது இப்படிப் பழகுகிறேன்: இலக்கைப் பார்க்கிறேன், கண்ணை மூடிக் கையை உயர்த்துகிறேன், கண்ணைத் திறந்து குறிமுனை பள்ளத்தில் அமர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். விலகியிருந்தால் மணிக்கட்டை மட்டும் திருப்புவதில்லை. பாதத்திலிருந்து நிலையை மாற்றுகிறேன்.

தாத்தா ஒரு கல்லை எறிந்ததும் அடுத்ததை உடனே எடுக்கமாட்டார். தவறிய கல் எந்தக் கிளையை உரசிப் போனது என்று பார்த்துக்கொண்டே நிற்பார்.