பைமூடியைத் தூக்கிப் பாருங்கள்

பழைய ராணுவச் சட்டை வாங்கும் முன் என்னிடம் படம் அனுப்பி, 'இது அசலா பாருங்க' என்று கேட்பவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே ஒரே படத்தைத்தான் அனுப்புகிறார்கள். ஹேங்கரில் தொங்கும் சட்டையின் முன்பக்கம். நன்றாக வெளுத்திருக்கிறது, பார்க்க அழகாகவும் இருக்கிறது, ஆனால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. உள்பக்கத்தை வெளியே திருப்பி, காலரை விரித்து, பைமூடியைத் தூக்கி நாலு படம் எடுத்து அனுப்புங்கள், அப்புறம் பேசலாம்.

அதிகம் பேர் ஏமாறுவது வியட்நாம் போர்க்காலத்து அமெரிக்க 'ஜங்கிள் ஜாக்கெட்'டில், அதிலும் இஆர்டிஎல் என்ற இலைக்கோலம் அச்சிட்ட ரகத்தில். அமெரிக்க ராணுவப் பொறியியல் ஆய்வுக்கூடம் (அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கம்தான் இஆர்டிஎல்) அந்தக் கோலத்தை 1948-லேயே உருவாக்கிவிட்டது, ஆனால் அது வியட்நாம் போய்ச் சேர்ந்தது 1960-களின் பிற்பாதியில், அதுவும் முதலில் சிறப்புப் படை, வேவுப் படை போன்றவர்களுக்கு. சாதாரண சிப்பாய் போட்டது வெறும் ஆலிவ் பச்சை. அதனால்தான் இலைக்கோலத்துக்கு இந்த விலை, அதனால்தான் இத்தனை போலி.

1981-ல் வந்த வுட்லேண்ட் கோலம் இதே இலைகளைச் சுமார் 60 சதவீதம் பெரிதாக்கியது. ஆக, வெளுத்துப் போன ஒரு வுட்லேண்ட் சட்டையை 'வியட்நாம் சரக்கு' என்று தள்ளிவிடுவது சுலபம். நெஞ்சுப் பைகளைப் பாருங்கள்: ஜங்கிள் ஜாக்கெட்டில் அவை சாய்வாக இருக்கும், வுட்லேண்ட் சட்டையில் நேராக. துணியில் குட்டிக் குட்டிக் கட்டமாக ரிப்ஸ்டாப் நெசவு தெரிந்தால் வியட்நாம் காலம்தான் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள், நம்பாதீர்கள். வெயில் காலத்துக்கான வுட்லேண்ட் சட்டையும் ரிப்ஸ்டாப்தான்.

அடுத்தது லேபிள். டிஎஸ்ஏ என்பது அமெரிக்கப் படைகளுக்குச் சரக்கு வாங்கிக் கொடுத்த அரசுத் துறை. லேபிளில் டிஎஸ்ஏ 100 என்று தொடங்கும் ஒப்பந்த எண்ணில் அடுத்து வரும் இரண்டு இலக்கம் நிதியாண்டு. 68 என்றால் 1967 ஜூலை முதல் 1968 ஜூன் வரை. அந்தத் துறை 1977-ல் டிஎல்ஏ என்று பெயர் மாறியது, அதனால் டிஎல்ஏ என்று அச்சிட்ட சட்டை, கோலமும் வெட்டும் எவ்வளவு சரியாக இருந்தாலும், போர் முடிந்த பிறகு தைத்தது. லேபிளில் இருக்கும் சரக்கு எண்ணும் காலத்தைக் காட்டும், 1974 வரை 11 இலக்கம், அதற்குப் பிறகு 13. எழுத்து அழிந்திருந்தால் அறையை இருட்டாக்கி டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படமெடுங்கள், பல நேரம் இரண்டு மூன்று எழுத்தாவது எழும்பி வரும். ஆனால் லேபிளை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள், போலி செய்கிறவர்கள் முதலில் நகலெடுப்பதே அதைத்தான். சட்டை வெளுத்துப் பல்லிளிக்க, லேபிள் மட்டும் புதுக்கருக்கு மாறாமல் இருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும்.

நான் அதிக நேரம் செலவிடுவது வெளுப்பில்தான். உடம்பில் கிடந்து வெளுத்த சட்டை ஒரே சீராக வெளுக்காது. தோள், காலர் மடிப்பு, முழங்கை, கைவிளிம்பு எல்லாம் முதலில் போகும், பைமூடிக்கு அடியிலும் தையல் மடிப்புக்குள்ளும் பழைய பச்சை அப்படியே உட்கார்ந்திருக்கும். கடை ஜன்னலில் தொங்கி வெளுத்ததென்றால் ஒரு பக்கம் மட்டும் போயிருக்கும். பிளீச்சில் முக்கி எடுத்த சட்டையிலோ மடிப்புக்குள், பைக்குள், நூலில், எங்கே பார்த்தாலும் ஒரே வெளுப்பு. இந்த வித்தியாசத்தை வார்த்தையில் சொல்வதைவிட, நன்றாகத் தெரிந்த அசல் ஒன்றைக் கையில் வைத்துப் பத்து நிமிடம் புரட்டினால் கண் பழகிவிடும்.

புற ஊதா விளக்கு வாங்கச் சொல்லி எல்லாரும் சொல்வார்கள். வாங்குங்கள், ஆனால் தீர்ப்பு சொல்ல அல்ல. வெண்மையூட்டி கலந்த நூல் நீலமாகப் பளிச்சென்று மின்னும் என்பது உண்மைதான், ஆனால் அசல் சட்டையை இன்றைய சோப்புத்தூளில் நாலு முறை துவைத்திருந்தால் அதுவும் மின்னும். துணி முழுக்க மங்கலாக இருந்து ஒரு தையல் மட்டும் மின்னினால், அந்தத் தையல் பிறகு போட்டது என்று சந்தேகப்படலாம், அவ்வளவுதான்.

டைகர் ஸ்ட்ரைப் என்ற வரிப்புலிக் கோலத்துக்கு மேலே சொன்ன லேபிள் கணக்கு எதுவும் பொருந்தாது. அது அமெரிக்க ராணுவத்தின் நிலையான சீருடையாக இருந்ததே இல்லை, வியட்நாமிலும் சுற்றுவட்டார நாடுகளிலும் தைத்தது. 'வியட்நாம் கால டைகர் ஸ்ட்ரைப்' என்று சொல்லி, அதில் டிஎஸ்ஏ எண்ணையும் காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இத்தனையும் தெரிந்த நானே ஏமாந்திருக்கிறேன். ஒப்பந்த எண் 69, சாய்ந்த பை, பைமூடிக்கு அடியில் கரும்பச்சை, எல்லாம் சரியாக இருந்த ஒரு ஜாக்கெட்டை, தோளில் இருந்த படைப்பிரிவு பேட்ஜுக்காகவே இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து பேட்ஜின் ஓரத்தை ஊசியால் மெல்லத் தூக்கிப் பார்த்தால், சுற்றியிருந்த துணியைப் போலவே அடியில் இருந்த துணியும் வெளுத்துக் கிடந்தது. பேட்ஜ் பழையதென்றால் அங்கே ஒரு கருமை நின்றிருக்க வேண்டும். சட்டை அசல், பேட்ஜ் சமீபத்தில் யாரோ தைத்தது. பிரித்து எடுத்துவிட்டு, விஷயத்தைச் சொல்லியே, வெறும் சட்டையாகப் பாதி விலைக்கு விற்றேன்.